கருப்பு வென்ற 23 நகர்த்தல்கள்: சதுரங்கக் கேள்வி–பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் நகரில் கோயில் மண்டபத்தில் நடைபெறும் வார இறுதிச் சதுரங்க வகுப்பில், 2013-ஆம் ஆண்டு ஜனவரியில் நெதர்லாந்தின் விக் ஆன் ஜீ என்னும் ஊரில் லெவோன் அரோனியனை விசுவநாதன் ஆனந்த் கருப்புக் காய்களுடன் வென்ற ஆட்டத்தைப் பிள்ளைகளுக்கு நகர்த்திக் காட்டியிருக்கிறார்கள். அதையொட்டி அந்த ஊரிலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வந்த கடிதங்களுக்கு இம்மாதப் பகுதி முழுவதும் ஒதுக்கப்பட்டுள்ளது. பள்ளியில் மலாய்ப் பெயர்களோடு காய்களைப் படித்த பிள்ளைகள் குழம்பாமல் இருக்க ஒன்றை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன்: இப்பகுதியில் மூலையில் நிற்பது யானை, அதற்கு அடுத்தது குதிரை, அதற்கும் அடுத்தது மந்திரி. டி4 போன்ற கட்டப் பெயர்களில் எழுத்து (ஏ முதல் எச் வரை) நெடுவரிசையையும், எண் (1 முதல் 8 வரை) கிடைவரிசையையும் குறிக்கும்.

கேள்வி: ஐயா, அந்த ஆட்டத்தில் ஆனந்த் சிப்பாயைக் கொடுக்கிறார், குதிரையைக் கொடுக்கிறார், யானையையும் கொடுக்கிறார். கடைசியில் வெள்ளையிடம்தான் காய் பலம் அதிகமாக இருக்கிறது. ஆனாலும் 23 நகர்த்தல்களில் அரோனியன் தோல்வியை ஒப்புக்கொள்கிறார். இது எப்படி? வகுப்பில் கேட்டேன், பாதிதான் புரிந்தது. (நான்காம் படிவ மாணவர், சுங்கை சிப்புட்)

பதில்: தம்பி, பலகையை எடுத்து வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். வெள்ளை டி4, கருப்பு டி5. பிறகு சி4, சி6. குதிரை எஃப்3, குதிரை எஃப்6. குதிரை சி3, இ6. இந்த இடத்தில் கருப்பு அமைத்திருப்பதற்குச் செமி-ஸ்லாவ் தடுப்பாட்டம் என்று பெயர். அடுத்து வெள்ளை இ3, கருப்பின் மற்றொரு குதிரை டி7. வெள்ளை மந்திரி டி3-க்கு வந்ததும் கருப்புச் சிப்பாய் சி4-ஐ வெட்டுகிறது, மந்திரி திரும்ப வெட்டுகிறது, உடனே கருப்பு பி5 என்று சிப்பாயைத் தள்ளி அந்த மந்திரியை விரட்டுகிறது. மந்திரி மீண்டும் டி3-க்குப் போக, கருப்பு மந்திரி டி6-இல் அமர்கிறது. இருவரும் ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றிக் கோட்டை கட்டுகிறார்கள். வெள்ளை ராணி சி2, கருப்பு மந்திரி பி7; வெள்ளை ஏ3, கருப்பு யானை சி8.

இங்கே சற்று நிறுத்திப் பலகையைப் பாருங்கள். கருப்பின் இரண்டு மந்திரிகளும் வெள்ளை ராஜா இருக்கும் பக்கத்தையே நோக்கி நிற்கின்றன; ஒன்று டி6-இலிருந்து எச்2-ஐயும், மற்றொன்று பி7-இலிருந்து ஜி2-ஐயும் குறிவைத்திருக்கின்றன. ஆனால் பி7 மந்திரியின் வழியைச் சொந்தச் சிப்பாயே சி6-இல் அடைத்துக்கொண்டிருக்கிறது. சி8 யானைக்கும் அதே சிப்பாய்தான் தடை. ஆகவே சி5 என்று அந்தச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளும் தருணத்தில் மந்திரி, யானை இரண்டும் ஒன்றாக விழித்துக்கொள்ளும். ஆனந்தின் ஆட்டம் முழுவதும் இந்த ஒரு தள்ளலைச் சுற்றியே கட்டப்பட்டிருக்கிறது என்பது என் எண்ணம். பின்னால் வரும் தியாகங்கள் எல்லாம் கண்ணைப் பறித்தாலும் அவை இதன் விளைவுகள்தான்.

12-ஆவது நகர்த்தலில் அரோனியன் குதிரையை ஜி5-க்குக் கொண்டுவந்து எச்7-ஐத் தாக்கினார். ஆனந்த் அதைக் காக்கவில்லை. சி5 என்று தள்ளினார். அரோனியனின் குதிரை எச்7 சிப்பாயை வெட்டி, எஃப்6 குதிரையையும் எஃப்8 யானையையும் ஒரே நேரத்தில் தாக்கி நின்றது. சாதாரணமாக இந்த நிலையில் நமக்குக் கை நடுங்கும். ஆனந்தோ யானையைப் பற்றிக் கவலைப்படாமல் குதிரையை ஜி4-க்குப் பாய்ச்சினார். இப்போது எச்2-இல் மந்திரி வெட்டிச் செக் கொடுக்கும் அச்சுறுத்தல் இருப்பதால், அரோனியன் எஃப்4 என்று சிப்பாயைத் தள்ளி டி6 மந்திரியின் வழியை அடைத்தார். அடைத்ததென்னவோ உண்மை, ஆனால் எஃப்2-இலிருந்து சிப்பாய் விலகியதால் ஜி1-இல் இருக்கும் ராஜாவை நோக்கி வேறொரு மூலைவிட்டம் திறந்துகொண்டது. கருப்பு சி5 சிப்பாயால் டி4-இல் வெட்ட, வெள்ளையின் இ3 சிப்பாய் திரும்ப வெட்டியது. உடனே ஆனந்தின் மந்திரி டி6-ஐ விட்டு, எந்தக் காவலும் இன்றித் தோன்றும்படி, சி5-க்கு நகர்ந்தது. டி4 சிப்பாய் அதை வெட்டலாம். வெட்டினால் டி7 குதிரை சி5-இல் திரும்ப வெட்டும், அந்தக் குதிரையும் டி8 ராணியும் சேர்ந்து டி3 மந்திரியைத் தாக்கும், டி4-இல் ராணி செக் கொடுக்கும் வாய்ப்பும் பிறக்கும்.

அரோனியன் மந்திரியை இ2-க்குப் பின்வாங்கி ஜி4 குதிரையைத் தாக்கினார். இதற்கு ஆனந்த் ஆடியதுதான் இந்த ஆட்டத்தை இன்றைக்கும் பேச வைப்பது: 16-ஆவது நகர்த்தலில் டி7 குதிரை இ5-க்கு வந்தது. அங்கே அதை எஃப்4-இல் நிற்கும் வெள்ளைச் சிப்பாய் வெட்டக் காத்திருக்கிறது. எஃப்4 சிப்பாய் வெட்டினால் என்ன ஆகும் என்பதை நீங்களே நகர்த்திப் பாருங்கள். கருப்பு ராணி டி4 சிப்பாயை வெட்டிச் செக். வெள்ளை ராஜா எச்1-க்கு ஒதுங்கினால், ராணி ஜி1-க்கே போய்ச் செக் கொடுக்கும். சி5 மந்திரி அங்கே காவல் இருப்பதால் ராஜா ராணியை வெட்ட முடியாது, எஃப்1 யானைதான் வெட்ட வேண்டும். வெட்டியதும் ஜி4 குதிரை எஃப்2-இல் குதித்துச் செக்மேட். சுற்றிலும் தன் காய்களே நின்று மூச்சு விட முடியாமல் ராஜா மடியும் இந்த முடிவைப் பழைய நூல்களில் பலமுறை பார்த்திருப்போம்; உலக சாம்பியன் ஆடும் மட்டத்தில் அது நிஜமான மிரட்டலாக எழுவது அபூர்வம்.

அரோனியன் அதில் விழவில்லை. மந்திரியால் ஜி4 குதிரையை வெட்டினார். ஆனந்தின் மந்திரி டி4 சிப்பாயை வெட்டிச் செக், ராஜா எச்1, இ5 குதிரை ஜி4-இல் திரும்ப வெட்டல். இப்போது அரோனியன் குதிரையால் எஃப்8 யானையை எடுத்தார். எல்லோரும் திரும்ப வெட்டும் இந்த இடத்தில் ஆனந்த் எஃப்5 என்று சிப்பாயைத் தள்ளினார். அந்தச் சிப்பாய் இரண்டு வேலைகளைச் செய்தது: சி2-இலிருந்து எச்7 வரை நீண்டிருந்த வெள்ளை ராணியின் மூலைவிட்டத்தை மூடியது, ஜி4 குதிரைக்குக் காவலும் கொடுத்தது. அடுத்து ராணி எச்4-க்கு வந்தால் ஆட்டம் முடிந்துவிடும் என்பதால், அதைத் தடுக்கவே வெள்ளைக் குதிரை எஃப்8-இலிருந்து ஜி6-க்கு வந்தது. ராணி எஃப்6-க்கு வந்து அதைத் தாக்க, வெள்ளை எச்3 ஆட, ராணி ஜி6 குதிரையை எடுத்தது. பிறகு வெள்ளை ராணி இ2, கருப்பு ராணி எச்5. வெள்ளை ராணி டி3, கருப்பு மந்திரி இ3. அரோனியன் கைகொடுத்தார்.

கடைசி நிலையில் வெள்ளையிடம் இரண்டு யானைகள், கருப்பிடம் ஒன்று; அதற்கு ஈடாகக் கருப்பிடம் ஒரு மந்திரி கூடுதல்; சிப்பாய்கள் இருபுறமும் சமம். நீங்கள் சொன்னது போல் எண்ணிக்கையில் வெள்ளைக்குத்தான் லாபம். ஆனால் எச்3 சிப்பாய் ஜி4 குதிரையை வெட்ட முடியாது. வெட்டினால் எச்5 ராணியின் முன் ராஜா அம்பலமாகிவிடும் என்பதால் அது விதிப்படியே செல்லாத நகர்த்தல். ஜி2 சிப்பாய் பி7 மந்திரியால் கட்டுண்டிருக்கிறது; அது விலகினாலும் ராஜா அம்பலமாகிவிடும். மூன்றாம் வரிசையில் நின்று எச்3-ஐக் காத்த வெள்ளை ராணியின் பார்வையை இ3-இல் வந்து உட்கார்ந்த மந்திரி மறைத்துவிட்டது. அதே மந்திரி ராஜா தப்பிச் செல்லக்கூடிய ஜி1 கட்டத்தையும் பிடித்திருக்கிறது. ஆகவே ராணி எச்3-இல் வெட்டினால் அங்கேயே செக்மேட். சி1 மந்திரியால் இ3 மந்திரியை வெட்டினாலும், ராணி எச்3 செக், ராஜா ஜி1, ராணி ஜி2-இல் செக்மேட். வெள்ளை தன் ராணியைக் கொடுத்துத்தான் சில நகர்த்தல்கள் நீடிக்க முடியும். ஆட்டத்தின் பத்தாம் நகர்த்தலிலேயே பி7-க்கு வந்த மந்திரி, அதன் பிறகு ஓரடியும் நகராமல், இறுதியில் ஜி2-ஐக் கட்டிப்போட்டதைக் கவனித்தீர்களா?

கேள்வி: தோட்டத்தில் கிராணியாக வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். அந்தக் காலத்தில் தோட்டக் கிளப்பில் ஆடும்போது, கருப்புக் காய் வந்தால் அடக்கி வாசித்து டிரா வாங்கினால் போதும் என்பார்கள். இன்றைய பிள்ளைகள் கருப்பிலும் பாய்கிறார்கள். எது சரி? (வாசகர், சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டம்)

பதில்: கிளப்பில் சொன்னதில் தவறில்லை, ஐயா. முதலில் நகர்த்துபவர் என்ற முறையில் வெள்ளைக்கு எப்போதும் சிறிது சாதகம் உண்டு. பெரிய போட்டிகளில் வெள்ளை கூடுதலாக வெல்வதும் வழக்கம்தான். ஆனால் பாயலாமா அடங்கலாமா என்பதை ஆட்டக்காரரின் மனநிலை தீர்மானிப்பதைவிட, எடுத்துக்கொண்ட தடுப்பாட்டத்தின் சிப்பாய் அமைப்பு தீர்மானிப்பதே பெரும்பாலும் நடக்கிறது.

மேலே சொன்ன ஆட்டத்தின் கிளைக்கு மெரான் என்று பெயர். 1924-இல் வட இத்தாலியின் மெரானோ நகரில் அகிபா ரூபின்ஸ்டைன் கருப்புக் காய்களுடன் குரூன்ஃபெல்டுக்கு எதிராக இதை ஆடி வென்றதால் அந்த ஊரின் பெயர் நிலைத்தது. இதன் கணக்கு எளிமையானது. வெள்ளை மந்திரி டி3-க்கு வரும்வரை கருப்பு பொறுத்திருக்கிறது. வந்த பிறகுதான் சி4-ஐ வெட்டுகிறது. அதனால் மந்திரி ஒரே வேலைக்கு இரண்டாவது முறை நகர வேண்டியிருக்கிறது. பி5 தள்ளியதும் மூன்றாவது முறையும் நகர்கிறது. இப்படிச் சேமித்த நேரத்தைக் கொண்டுதான் கருப்பு மந்திரியை பி7-இல் வைத்து, சி5 தள்ளலுக்கு ஆயத்தமாகிறது. இதற்கு விலையும் உண்டு: ராணிப் பக்கச் சிப்பாய்கள் முன்னேறிவிட்டதால், சி5 தள்ள முடியாமல் போனால் அவை பலவீனமாகி, பி7 மந்திரி ஆட்டம் முழுவதும் சும்மா நின்றுவிடும். ஆக மெரான் ஆடுபவர் அடங்கி இருக்க விரும்பினாலும் அந்த அமைப்பு அவரை அப்படி இருக்க விடாது.

இதை ஆனந்த் 2013-இல் திடீரென எடுத்துக்கொள்ளவில்லை. 2008 அக்டோபரில் ஜெர்மனியின் பான் நகரில் விளாதிமிர் கிராம்னிக்குடன் உலகப் பட்டத்துக்காக மோதியபோது, மூன்றாவது ஆட்டத்திலும் ஐந்தாவது ஆட்டத்திலும் கருப்புக் காய்களுடன் மெரானையே ஆடி இரண்டையும் வென்றார்; 6.5–4.5 என்ற கணக்கில் பட்டம் அவரிடமே இருந்தது. அசைக்க முடியாத தடுப்பு ஆட்டத்துக்குப் பேர்போன கிராம்னிக்கைக் கருப்பில் இருமுறை வீழ்த்தியது அன்று பலருக்கும் நம்ப முடியாததாக இருந்தது.

உங்கள் கேள்விக்கு நேர் எதிரான உதாரணம் 1985 நவம்பர் 9 அன்று மாஸ்கோவில் நடந்தது. கார்போவுக்கும் காஸ்பரோவுக்கும் இடையிலான உலகப் பட்டப் போட்டியின் கடைசி, 24-ஆவது ஆட்டம் அது. காஸ்பரோவுக்கு டிரா போதும். கார்போவ் வென்றால் 12–12 ஆகிப் பட்டம் கார்போவிடமே தங்கிவிடும். டிரா போதும் என்ற நிலையிலும் 22 வயது காஸ்பரோவ் கருப்பில் சிசிலியன் தடுப்பாட்டத்தை ஆடினார். வென்று 13–11 என முடித்தார். டிராவுக்காகவே ஒடுங்கி ஆடியிருந்தால் கார்போவின் பொறுமை அவரை மெல்ல மெல்ல நசுக்கியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

அதே வேளையில், நமக்குப் பக்கத்துச் சிங்கப்பூரில் 2024 டிசம்பர் 12 அன்று குகேஷ் 18 வயதில் உலக சாம்பியனான 14-ஆவது ஆட்டத்தையும் நினைவில் கொள்ளுங்கள். அதுவும் கருப்பின் வெற்றிதான். ஆனால் அது பாய்ச்சலில் வந்ததல்ல. டிராவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த நிலையில், 55-ஆவது நகர்த்தலில் டிங் லிரன் யானையைத் தவறான கட்டத்தில் வைக்கும்வரை சலிக்காமல் ஆடிக்கொண்டே இருந்ததால் வந்தது. உங்கள் கிளப்புக்காரர்கள் இதைப் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார்கள்.

கேள்வி: என் மகள் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள். எம்.எஸ்.எஸ்.டி. என்னும் மாவட்டப் பள்ளிகள் அளவிலான சதுரங்கப் போட்டிக்கு ஆனந்தின் இந்த ஆட்டத்தை முழுவதும் மனப்பாடம் செய்யப் போவதாக ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறாள். செய்யட்டுமா? (ஒரு தாய், சுங்கை சிப்புட்)

பதில்: சுவரில் இருக்கட்டும், அம்மா. ஆனால் போட்டிக்கு அதை நம்பிப் போக வேண்டாம். தொடக்கப்பள்ளிப் போட்டிகளில் வெள்ளைக் காய் ஆடும் பிள்ளைகளில் பலர் டி4-ஐத் தொடுவதே இல்லை. இ4 என்றுதான் தொடங்குகிறார்கள். அப்படியானால் மனப்பாடம் செய்த தாளின் முதல் வரியே உதவாது. டி4 ஆடும் பிள்ளை எதிரில் வந்தாலும், ஐந்தாவது ஆறாவது நகர்த்தலில் அது அரோனியன் ஆடியதை ஆடாது. தான் விரும்பியதை ஆடும். காரணம் தெரியாமல் வரிசையை மட்டும் வைத்திருக்கும் பிள்ளை அந்த இடத்தில் திகைத்து நிற்கும். சி5 தள்ளலுக்கு முன் யானை ஏன் சி8-க்கு வந்தது என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொன்னால் அவளுக்கு ஆட்டம் புரிந்திருக்கிறது.

இப்போதைக்கு டி4-க்கு எதிராக டி5, இ6, குதிரை எஃப்6, மந்திரி இ7, கோட்டை என்ற அடக்கமான அமைப்பு அவளுக்குப் போதும். இதில் காய்கள் இயல்பான கட்டங்களில் அமரும். எதிராளி வரிசை மாற்றி ஆடினாலும் பெரிய ஆபத்து வராது. அதோடு எஃப்2-இல் குதிரை போட்டு மூலையில் அடைபட்ட ராஜாவை மடக்கும் முடிவைப் பல நிலைகளில் வைத்துப் பழகச் சொல்லுங்கள். ஆனந்தின் ஆட்டத்திலிருந்து பத்து வயதுப் பிள்ளை உடனே எடுத்துக்கொள்ளக்கூடியது அதுதான்.

பாபி ஃபிஷர் 13 வயதில் ஆடவில்லையா என்று வகுப்பில் யாராவது கேட்பார்கள். 1956-இல் நியூயார்க்கில் டொனால்ட் பெர்னுக்கு எதிராகக் கருப்புக் காய்களுடன் குரூன்ஃபெல்ட் தடுப்பாட்டத்தை ஆடி, ராணியையே விட்டுக்கொடுத்து, 41 நகர்த்தல்களில் அவர் வென்றது உண்மைதான். ஆறு வயதில் ஆடத் தொடங்கி, அந்த நாளுக்குள் கைக்குக் கிடைத்த சதுரங்க நூல்களை எல்லாம் படித்து முடித்திருந்த பிள்ளை அவர். வேண்டுமானால் மகளோடு இப்படி ஒரு பயிற்சி செய்யுங்கள்: தாளில் கருப்பின் நகர்த்தல்களை ஒரு அட்டையால் மறைத்து, வெள்ளை ஆடியதும் அவளையே ஊகிக்கச் சொல்லி, பிறகு அட்டையை நகர்த்திப் பாருங்கள். 16-ஆவது நகர்த்தலை அவள் கண்டுபிடிக்காவிட்டால் வருத்தப்பட வேண்டாம். வளர்ந்த ஆட்டக்காரர்களுக்கும் அது எளிதில் தோன்றாது.

கேள்வி: அந்தக் குதிரைத் தியாகத்தை ஆனந்த் பலகையில் உட்கார்ந்தபோது கண்டுபிடித்தாரா, வீட்டிலேயே தயாரித்து வந்தாரா? வீட்டுத் தயாரிப்பு என்றால் அதைப் பெரிதாகப் பாராட்டலாமா? (இடைநிலைப்பள்ளி ஆசிரியர்)

பதில்: தயாரிப்புதான். 2012 மே மாதம் மாஸ்கோவில் போரிஸ் கெல்ஃபாண்டுடன் நடந்த உலகப் பட்டப் போட்டிக்காக ஆராய்ந்து வைத்த சரக்கு இது. அங்கே பயன்படாமல் இருந்து, எட்டு மாதம் கழித்து அரோனியன் வலிய வந்து அதில் நுழைந்தார். ஆனாலும் பாராட்டலாம் என்பேன். பல மாதங்களுக்கு முன் பார்த்த வரிசையைக் கடிகாரம் ஓடும்போது தடுமாறாமல் நினைவுக்குக் கொண்டுவருவதும், எதிராளி விலகும் இடத்தில் சரியாகக் கணக்கிடுவதும் தயாரிப்பு செய்துதரும் வேலைகள் அல்ல.

இன்னொரு விஷயம், இந்த ஆட்டத்துக்கு ஒரு மூத்த உறவு இருக்கிறது. 1907-இல் போலந்தின் லோட்ஸ் நகரில் ராட்லெவிக்கு எதிராக, மேலே சொன்ன அதே ரூபின்ஸ்டைன் கருப்புக் காய்களுடன் ஆடிய ஆட்டத்தில், இரண்டு மந்திரிகளும் வெள்ளை ராஜாவை நோக்கி நிற்க, ராணியைக் கொடுத்து, 25-ஆவது நகர்த்தலில் யானையை எச்3-இல் வைத்து முடிக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்து மாணவர்களுக்குக் காட்டிப் பாருங்கள். ஆனந்தின் ஆட்டம் எங்கிருந்து வந்தது என்பது விளக்கமின்றியே அவர்களுக்குத் தெரியும்.

கேள்வி: செமி-ஸ்லாவ் ஆட ஆசை. ஆனால் எதிராளி நம்மை மெரானுக்குள் விடாமல் விலகிப் போனால் என்ன செய்வது? (கல்லூரி மாணவி, சுங்கை சிப்புட்)

பதில்: விலகத்தான் செய்வார்கள், அதற்கு மூன்று வழிகள் அடிக்கடி வரும். முதலாவது, மூன்றாவது நகர்த்தலிலேயே வெள்ளை டி5-இல் வெட்டிச் சிப்பாய்களைச் சமச்சீராக்கிவிடுவது; அப்போது கூர்மை போய்விடும், குதிரைகளை நிதானமாக வெளியே எடுத்து நீண்ட ஆட்டத்துக்குத் தயாராக வேண்டும். இரண்டாவது, வெள்ளை ஆறாவது நகர்த்தலில் மந்திரியை டி3-க்குக் கொண்டுவராமல் ராணியை சி2-இல் வைத்துக் காத்திருப்பது. மந்திரி இன்னும் நகரவில்லை என்பதால் சி4-இல் வெட்டினால் நமக்கு நேர லாபம் கிடைக்காது, எனவே மந்திரியை டி6-இல் வைத்துக் கோட்டை கட்டுவதே நல்லது. மூன்றாவது, ஐந்தாவது நகர்த்தலில் வெள்ளை இ3-க்குப் பதிலாக மந்திரியை ஜி5-க்குக் கொண்டுவருவது. இது மெரானைவிடக் கூர்மையான காட்டுவழி. சி4-இல் வெட்டி அதில் நுழைய மனமில்லாதவர்கள் எச்6 என்று அந்த மந்திரியை உடனே கேள்வி கேட்கலாம்.

வெள்ளை முதல் நகர்த்தலிலேயே இ4 ஆடிவிட்டால் செமி-ஸ்லாவுக்கே இடமில்லை. சிப்பாய்களை இ6, டி5 என்று வைத்துப் பழகியவர்களுக்கு அப்போது ஃபிரெஞ்சுத் தடுப்பாட்டம் எளிதாகக் கைவரும். அதைப் பற்றி உங்களுக்குக் குறிப்பான கேள்வி இருந்தால், எந்த நகர்த்தலில் சிக்கல் வருகிறது என்பதையும் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் பார்ப்போம்.